லெவுகாவிலிருந்து புறப்பட முடியாத தம்பியின் விளக்கம்

ஆக்லாந்தில், மாங்கெரேயில், அண்ணியின் பராமரிப்பில் இருக்கும் மரியாதைக்குரிய அண்ணன் சாகியுசா அவர்களுக்கு, ஃபிஜி நாட்டு லெவுகாவிலிருந்து தம்பி அபிசாய் தாழ்மையுடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி லீத்தியாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குமேல் எழுதினால் பொய்யாகிவிடும். உங்களுக்கு இருபத்து நாலாம் தேதி இதய அறுவைச் சிகிச்சை என்று அண்ணி தொலைபேசியில் சொன்ன அன்றே, வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வந்து சேர்வேன் என்ற நம்பிக்கை நாளுக்கு நாள் குறைந்துவருகிறது. அதற்குக் காரணம் நான் அல்ல என்பதை விளக்கவே இந்தக் கடிதம்.

நியூசிலாந்து விசாவுக்கு மூன்று மாத வங்கி அறிக்கை வேண்டும் என்கிறார்கள். முன்பென்றால் கிளைக்குப் போய், நம் பள்ளித்தோழன் இலியேசாவிடம் கேட்டால், ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் தாளை நீட்டிவிடுவான். மார்ச் மாதம் கிளையை மூடிவிட்டார்கள். அந்தக் கட்டிடத்தில் இப்போது கோழி வறுக்கிறார்கள். எல்லாம் இனிமேல் வலைத்தளத்தில்தான் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். வலைத்தளத்தைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றுகிறது. காலையில் மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். கிழங்கு வெந்து, ஆறி, லீத்தியா சாப்பிட்டும் முடித்துவிட்டாள், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சரி என்று வாடிக்கையாளர் உதவி எண்ணை அழைத்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லிவிட்டு ஊகுலேலே என்கிற குட்டிக் கித்தாரை வாசிக்க ஆரம்பித்தது. ஒரே மெட்டு, ஐம்பது நிமிடம். பிறகு ஒரு ஆள் வந்தார்.

"வெப்சைட் திறக்கலையா சார்? வெப்சைட்ல புகார் ஃபார்ம் இருக்கு, அதை நிரப்பிடுங்க."

"அந்த வெப்சைட்தான் தம்பி திறக்க மாட்டேங்குது."

"அதேதான் சார். அதையே அங்க எழுதிடுங்க."

நான் முப்பத்தொரு வருடம் தபால் அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நாளைக்கு வாருங்கள் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று அன்று முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை நன்றாக இல்லை.

மறுநாள் வாசிதி என்ற பெண் எடுத்தாள். குரலிலேயே நம் பக்கத்துப் பெண் என்று தெரிந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். காவ் தீவு என்றாள், தாய் வழி நம் ஓவலாவ் தீவுதான் என்றாள், இருபது நிமிடத்தில் நான் அவளுக்கு மாமா ஆகிவிட்டேன். உறவு வந்ததே, வேலையும் நடக்கும் என்று நினைத்தேன்.

"மாமா, உங்க பேரு இங்க மிஸஸ் அபிசாய்னு பதிவாயிருக்கு. அதான் உள்ள விட மாட்டேங்குது."

"நான் ஆம்பளைம்மா."

"எனக்குத் தெரியுது மாமா, சிஸ்டத்துக்குத் தெரியலையே. மாத்தணும்னா கிளைக்கு நேர்ல போகணும்."

"எந்தக் கிளை?"

"லெவுகா கிளை."

"அங்க கோழி வறுக்கறாங்க."

அவள் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "நிஜமாவா மாமா? இங்க திறந்திருக்குன்னு காட்டுதே."

பிறகு அவள் யோசனைப்படி, கப்பலும் பஸ்ஸும் ஏறி தலைநகர் சுவாவுக்கே போனேன். பெரிய கிளை, குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு. வாசலில் நின்ற பெண் என் கதையைப் பாதி கேட்டுவிட்டு மூலையில் இருந்த ஒரு தொலைபேசியைக் காட்டினாள். எடுத்தேன். அதே ஊகுலேலே. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியதை, மழையில் நனைந்த சட்டையோடு நின்று கேட்டேன். கடைசிக் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பாட்டு முடியும் முன்பே வைத்துவிட்டேன்.

அதன்பின் தினமும் அழைக்கிறேன். லீத்தியா நேற்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வாசிதிகிட்ட நீங்க பேசின பேச்சுல பாதி இந்த முப்பது வருஷத்துல என்கிட்ட பேசியிருந்தா, நான் சந்தோஷமா இருந்திருப்பேன்." வாசிதியின் கல்யாணம் ஆகஸ்டில், மாப்பிள்ளை கடற்படை, எனக்கு அவ்வளவும் தெரிந்துவிட்டது. என் கணக்கு மட்டும் தெரியவில்லை. ஆகவே அண்ணா, வராதது என் குற்றமல்ல. வங்கியைத் திட்டிக்கொள்ளுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

பாதிரியார் மனைவி வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதத்தோடு கரைத்துக் குடிக்க ஒரு பொட்டலம் யங்கோனா வேர்த்தூளும் கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார். மோந்து பார்த்துவிட்டு அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள். கர்த்தர் அந்த வைத்தியரின் கைகளுக்கு நிதானம் தரட்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
அபிசாய்

பி.கு.: உறையை ஒட்டும் முன் லீத்தியா கடிதத்தை வாங்கிப் படித்தாள். உள்ளே போய், என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். வங்கி அறிக்கை. போன வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. வாசிதி தன் மேலதிகாரியிடம் கெஞ்சி என்னை ஆணாக்கிவிட்டாள். வலைத்தளமும் ஒரே தடவையில் திறந்தது. தபால் அலுவலகத்தில் அச்செடுத்து ஒளித்து வைத்தேன். அதற்குப் பிறகும் தினமும் அழைத்தேன். ஊகுலேலே கேட்டுக்கொண்டிருக்கும்வரை, நான் முயற்சி செய்துகொண்டிருப்பவன்தானே. வாசிதி எடுத்தால், வேற என்ன மாமா என்று கேட்பாள். கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பேன்.

அண்ணா, நம் கடைசித் தம்பி இரோனி சுவா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துணைக்கு உட்கார்ந்தவன் நான்தான். சிறிய ஆபரேஷன் என்றார்கள். மூன்றாம் நாள் அவன் உடலைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவனும் நான்தான். நான் பக்கத்தில் வந்து உட்காராவிட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். லீத்தியாவிடம் சொன்னேன். "அவனும் தனியா போகலையே, நீங்க இருந்தீங்களே" என்றாள்.

இன்று காலை விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டோம். கிடைத்தால் வருகிறேன். வந்தால் கட்டிலருகே என்னிடம் ஒன்றும் பேசச் சொல்லாதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பேன்.