மாத்திரைக்குள் மாவு

"ஏங்க, உடம்புக்குள்ளயும் துருப்பிடிக்குமா?" என்று மனைவி கேட்டதுமே, இது மைத்துனன் வந்துபோனதன் விளைவு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மேசைமேல் ஒரு புது டப்பாவும் இருந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் மாத்திரைகள்.

பெயின்ட் கம்பெனியில் துருவைப் பரிசோதிப்பதுதான் அவர் பிழைப்பு. ஒரு தகட்டுக்குப் பெயின்ட் அடித்து, இன்னொன்றை வெறுமனே விட்டு, இரண்டையும் உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். சும்மா இருப்பாரா? செல்லுக்குள் ஆக்ஸிஜன் வம்பு பண்ணுவது உண்மைதான், சோதனைக் குழாயில் இந்தச் சரக்கு அதை அடக்குவதும் உண்மைதான், ஆனால் ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் பெரிதாக ஒரு பலனும் இல்லை என்று மாடிப்படி ஏறிக்கொண்டே விளக்கினார். பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களும் போட்டுக்கலாம்ல?"

"மாட்டேன்."

"சரி விடுங்க. நான் போட்டுக்கறேன்."

அவருக்குக் கை பரபரத்தது. அவள் கடைக்குப் போன நேரம், டப்பாவை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு மாத்திரையாகத் திறந்து மருந்தைக் கொட்டிவிட்டுச் சோளமாவை அடைத்தார். மாவிலேயே தெம்பு வந்தால் எல்லாம் மனப்பிரமை. வராவிட்டால் டப்பாவை அவளே தூக்கிப்போடுவாள். எப்படிப் பார்த்தாலும் வெற்றி. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எதையும் மறைத்ததில்லை என்பது மட்டும் உறுத்தியது.

அந்த வாரமே அவள் ஆள் மாறிப்போனாள். பாட்டென்ன, சிரிப்பென்ன. காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குட்டு வெளிப்பட்டுவிட்டதோ என்று அவருக்கு உதறல். காப்பி வேறு கெட்டியாக இருந்தது. பால்காரர் திருந்திவிட்டார் போலும்.

ஒருவேளை சோளமாவிலேயே ஏதாவது சத்து இருந்து தொலைத்தால்? மறுபடியும் மாடிக்கு ஓடி, மாவை எடுத்துவிட்டுச் சர்க்கரைத் தூளை நிரப்பினார். அவளுக்குக் குஷி இரட்டிப்பானது. காப்பியும் தித்தித்தது. அன்பு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்திருந்தபோது, அவள் டப்பாவோடு வாசலுக்குக் கிளம்பினாள்.

"எதிர்வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்துட்டு வரேன். பாவம், சர்க்கரை வியாதியில ரொம்பச் சோர்ந்து போயிருக்காங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கினார். வேறு வழியில்லாமல் மாவு, சர்க்கரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஆராய்ச்சியை விட மனமில்லை.

"ஒண்ணு மட்டும் நிரூபணமாயிடுச்சு. உனக்கு வந்த தெம்பு மாத்திரையால வந்ததில்ல. எல்லாம் மனசுதான்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மைத்துனன்தான் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"மாமா, அக்கா அதுல ஒண்ணைக்கூட வாயில போடலை. நீங்க மூச்சு வாங்காம மாடிக்கு ஓடுறீங்களேன்னுதான் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம். தினமும் பிரிச்சு உங்க காப்பியிலதான் கலந்தா."