பெட்டியர் பெட்டி தெரிந்தெடுத்த கதை

முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கென்று திருகோணமலையில் ஒரு சங்கம் தொடங்கினால், தலைவர் பதவிக்குப் போட்டியே இருக்காது. எங்கள் பெட்டியரைத்தான் போடவேண்டும். ஆனால் அந்தப் பதவியை ஏற்பதா விடுவதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் உறுப்பினர்கள் எல்லோரும் பென்ஷன் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பெட்டியர் என்பது தாய் தகப்பன் வைத்த பெயரல்ல. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் கந்தோரில் வைத்த பெயர். யாரோ எழுதி, வேறு யாரோ கையெழுத்து வைத்த கடிதங்களில் முத்திரை குத்துவதுதான் அங்கே அவருக்கு வேலை. மிச்ச நேரத்தில், அதாவது காலையிலிருந்து பின்னேரம் வரை, தன் காருக்கு எந்தக் கொம்பியூட்டர் பெட்டி பொருத்துவது என்று கதைப்பார். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்தாவது கதைப்பார்.

கார் என்னவோ சாதாரணமான பழைய ஜப்பான் கார். காபரேட்டர் காலம் முடிந்து இன்றைய கார்களின் காலம் தொடங்குமுன் இடையில் பிறந்தது. காபரேட்டர் இருந்த இடத்தில் ஒரே ஒரு ஊசி உட்கார்ந்துகொண்டு எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவாகப் பெற்றோல் தெளிக்கும். எவ்வளவு தெளிப்பது என்று சொல்வது டாஷ்போர்ட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டி. அந்த ஊசியும் பெட்டியும் ஒன்றையொன்று அனுசரித்துக்கொண்டு ஒழுங்காகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. நடுவில் பெட்டியர் புகுந்தார்.

காற்றுப் போகும் துவாரக் கூட்டைக் கழற்றிவைத்துவிட்டு, துறைமுகப் பக்கம் வள்ளச் சாமான் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறையில் பெரிதாக ஒன்று செய்வித்துப் பூட்டினார். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றினார். மீன்பிடி வள்ளங்களுக்குப் புகைக்குழாய் ஒட்டுகிறவரிடம் போய்க் காருக்கும் ஒன்று ஒட்டுவித்தார். அதற்குப் பிறகு பெட்டியர் காரில் இறங்குதுறைப் பக்கம் போனால், சத்தத்தைக் கேட்டு வள்ளம் வருகிறதென்று கரையில் நிற்கிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். அது றோட்டால் வந்துகொண்டிருக்கும். எஞ்சினுக்குள் காற்று கூடிவிட்டது. பெட்டியோ பழைய கணக்கிலேயே பெற்றோல் தெளிக்கச் சொன்னது. அதைச் சரிக்கட்டப் பெற்றோல் அழுத்தத்தைக் கூட்டினார். கார் கறுப்பாகப் புகைக்கத் தொடங்கியது.

"வழி மூண்டு இருக்குது," என்று தேத்தண்ணி நேரத்தில் விரலை விரிப்பார். "ஒண்டு, பழைய பெட்டியைத் திறந்து உள்ளுக்கு இருக்கிற சிப்பில புதுக் கணக்கை எழுதுறது. ரெண்டு, பழைய பெட்டிக்குப் பக்கத்தில சின்னப் பெட்டி ஒண்டை வைச்சு, அதுக்குப் பொய்க்கணக்குச் சொல்லுறது. மூண்டு, எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுபோட்டு முழுப் புதுப் பெட்டி. நீங்கள் எண்டா எதைச் செய்வியள்?"

"காரை விப்பன்," என்றேன்.

அவருக்குக் காதில் விழாது. "சிப் எழுதுறதெண்டால் கொழும்பிலதான் ஆள். அவன் வேறை ஆற்றையோ எஞ்சினுக்கு எழுதினதை எனக்கும் எழுதிவிட்டால்? ரெண்டாவதில எனக்கு மனம் இல்லை. பொய் சொல்லி ஒரு எஞ்சினை ஓட்டுறதோ, சொல்லுங்கோ? மூண்டாவதுதான் சுதந்திரம். ஆனா என்ர ஒற்றை ஊசி குறைஞ்ச மின்தடைக்காரன். கரண்டை உறிஞ்சுவான். எல்லாப் பெட்டியும் அவனைத் தாங்காது, எரிஞ்சுபோம்."

இந்தக் குறைந்த மின்தடைக்காரனை எங்கள் கந்தோரில் தெரியாதவர்களே இல்லை. கூட்டிப் பெருக்க வருகிற அம்மாகூட, "ஐயா, ஊசி எப்படி இருக்குது?" என்று சுகம் விசாரிப்பார்.

பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் கருவி இருக்கும்போதே வைத்தியரிடம் மூன்று விரலைக் காட்டி எது நல்லது என்று கேட்டாராம். வைத்தியர் மூன்று பல்லையும் பிடுங்க ஆயத்தமானார். கட்டைபறிச்சானில் ஒரு செத்த வீட்டுக்குக் கந்தோர் ஆட்கள் எல்லோரும் போனோம். இறந்தவரின் மகனைக் கட்டிப்பிடித்து எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் பெட்டியர். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, நீங்கள் எலக்ட்ரிக் படிச்சனீங்களல்லோ?" என்று தொடங்கினார். தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் வேறு ஊர்க்காரன் மாதிரித் தள்ளிப்போய் நின்றேன்.

மனிதர்களிடம் கேட்டு முடிந்ததும் கடவுளிடம் போனார். சல்லிக் கிராமத்து அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். கலியாணமா, வெளிநாடா என்று முடிவு தெரியாதவர்கள் நிறத்துக்கொரு பூவைத் தாளில் மடித்து அம்மன் முன் வைப்பார்கள். ஐயர் எடுத்துத் தருவதுதான் விடை. பெட்டியர் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று பூவோடு போனார். என்னையும் சாட்சிக்கு இழுத்துப் போனார். ஐயர் எடுத்த தாளில் மஞ்சள் பூ இருந்தது. மஞ்சள் என்றால் பொய்க்கணக்குச் சொல்லும் பெட்டி.

பெட்டியர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஐயா, ஒருக்கா இன்னும் எடுக்க ஏலாதோ? அம்மாளுக்கு ஊசியின்ர மின்தடையைச் சொல்ல மறந்திட்டன்," என்றார். ஐயர் திரையை இழுத்து மூடினார்.

இப்படியே இது ஆயுள் முழுக்க நடந்திருக்கும். குறுக்கே வந்தது புகைச் சோதனை. கார் றோட்டில் ஓட வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கவேண்டும். புகைச் சோதனையில் பாஸாகாமல் லைசென்ஸ் கிடைக்காது. பெட்டியரின் கார் அடுத்தடுத்து இரண்டு தடவை பெயிலானது. இரண்டாம் தடவை சோதித்த பொடியன் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தான்.

பெட்டியரின் மனைவி நிலாவெளியில் டீச்சர். நல்ல பொறுமைசாலி. ஆனால் கார் முற்றத்தில் நிற்க, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் போய் அந்தப் பொறுமை தேய்ந்துவிட்டது. ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, இந்த மாசத்துக் கடைசி வெள்ளிக்கிழமைதான் முடிவு. அண்டைக்கும் இது பெயிலானால் கிண்ணியா நானாவுக்குக் குடுத்துப்போட்டு நான் ஒரு ஸ்கூட்டி வாங்குவன்."

கிண்ணியா நானா பழைய இரும்பு எடுக்கிறவர். மாதம் ஒருமுறை வந்து பொனட்டைத் தடவிப் பார்ப்பார். "அவசரமில்ல டீச்சர். சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போவமெண்டு வந்தன்," என்பார். நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர் மாதிரி அன்றைக்கு அவரும் அங்கேதான் நின்றார். அந்தக் கார் இரும்பாகப் போய்விடுமென்று பெட்டியர் முதல் தடவையாக நம்பினார்.

நம்பிய அன்றைக்கே முடிவெடுத்தார். மூன்றாவது வழி. முழுப் புதுப் பெட்டி. குறைந்த மின்தடைக்காரனைத் தாங்கக்கூடியதாக ஒன்றைத் தேடி வாங்கிவிட்டார். ஊரே மூச்சுவிட்டது.

புதுப் பெட்டிக்கு வயர் கட்டு முழுவதையும் புதிதாகச் செய்யவேண்டும். இங்கேதான் பெட்டியரின் அறிவு முழு வீச்சில் வேலை செய்தது. கப்பலில் மிஞ்சியதென்று துறைமுகப் பக்கத்தில் ஒரு பெரிய சுருள் வயர் வாங்கினார். "உப்புக் காத்துக்கு அசையாது," என்று பெருமைப்பட்டார். அசையாதுதான். ஆனால் முழுவதும் ஒரே சாம்பல் நிறம். காரில் உள்ள எந்த வயரைப் பார்த்தாலும் மற்ற வயர் மாதிரியேதான் இருக்கும்.

"எதை எதில கொழுவுறதெண்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"லேபல் ஒட்டுவன். டேப் ஒட்டினால் கடல் காத்துக்குக் கழண்டு போம். அதால கோதுமை மாவில பசை காய்ச்சி, தாளில எழுதி ஒட்டுறன்."

ஒவ்வொரு வயரிலும் அழகான கையெழுத்தில் ஒரு துண்டு. பெற்றோல் பம்ப். ஊசி. எஞ்சின் சூடு. காற்று அளவு. முற்றத்தில் பாயை விரித்து, வயர் கட்டு முழுவதையும் அதன்மேல் பரப்பிப் பசை காய வைத்தார். அது சோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன் குழம்பு மணக்கவே நாங்கள் சாப்பிட உள்ளே போனோம்.

திருகோணமலைக்காரர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் மான்கள் காட்டில் இருப்பதில்லை. கோட்டையிலிருந்து இறங்கிவந்து பஸ் நிலையத்திலும் சந்தையிலும் ஆட்களோடு ஆட்களாகத் திரியும். மதிலில் போஸ்டர் ஒட்டினால் பசை காயுமுன் நக்கித் தாளோடு தின்றுவிடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருக்கும் பெட்டியருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கோதுமை மாப் பசையை முற்றத்தில் பரப்பிவிட்டுச் சோறு தின்னப் போனார்.

கை கழுவ வெளியே வந்தபோது பாயின்மேல் நாலைந்து மான்கள் பந்தியில் இருந்தன. கொம்பன் ஒன்றின் வாயில் "எஞ்சின் சூடு" தொங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் கல்லெடுக்கக் குனிந்தோம். பெட்டியர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "கலைக்காதேங்கோ! எந்த வயரில இருந்து கழட்டினதெண்டு பாருங்கோ! ஐயோ, அதை மட்டும் பாருங்கோ!" கொம்பன் அவரைப் பார்த்தபடி எஞ்சின் சூட்டை மென்று விழுங்கிவிட்டு, அடுத்ததாகப் பெற்றோல் பம்பில் வாயை வைத்தது.

எல்லாம் முடிந்தபின் பாயில் கிடந்தது நக்கிச் சுத்தமாக்கப்பட்ட சாம்பல் நிற வயர்க் குவியல். நான் சிரித்தேன். மறைக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகுதான் பெட்டியர் பாயில் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். கையில் ஒரு வயர்த் துண்டை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தார். எது எந்த வயரென்று ஒவ்வொன்றாக அளந்து, பிடுங்கி, திரும்பக் கட்டக் கிழமைக் கணக்காகும்.

"அண்ணை," என்றேன். "பழைய பெட்டியும் பழைய வயரும் ஆணியில தொங்குது. பெட்டியை எஞ்சினுக்கு ஏத்த மாதிரி மாத்த ஏலாட்டி, எஞ்சினைப் பெட்டிக்கு ஏத்த மாதிரி மாத்துங்கோவன்."

பிள்ளையை விற்கச் சொன்னது மாதிரி என்னைப் பார்த்தார். ஆனால் வேறு வழியில்லை. கழற்றிய பழைய சாமான் எல்லாம் அலுமாரியில் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. பழைய கேம் ஷாஃப்ட் உள்ளே போனது. பழைய துவாரக் கூடு திரும்ப ஏறியது. வள்ளத்துப் புகைக்குழாய் இறங்கியது. வருடக் கணக்கில் யோசித்து யோசித்து மாற்றியதையெல்லாம் நாலு நாளில் திருப்பி மாற்றினார். அந்த நாலு நாளும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சோதனைக்குப் போனோம். நானாவும் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். போன தடவை இருமிய அதே பொடியன் குழாயை விட்டு அளந்து பார்த்தான். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தான். "பாஸ், ஐயா! எஞ்சின் கம்பனியில இருந்து இப்ப வந்த மாதிரி இருக்குது," என்றான். அதைவிடக் கேவலமாக யாரும் பெட்டியரைத் திட்டியதில்லை. கார் தப்பியது. நானா பெருமூச்சு விட்டார். "நல்லம் தம்பி, நல்லம். இனி எனக்கு இங்க என்ன வேல," என்று பொனட்டைக் கடைசியாக ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

இப்போது டீச்சர் காரில் பள்ளிக்கூடம் போகிறார். கார் புகைப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதுமில்லை. பெட்டியர் கந்தோரில் முத்திரை குத்தினார். தேத்தண்ணி நேரத்தில் தேத்தண்ணி குடித்தார். விரலை விரிக்கவில்லை. கலண்டரைப் பார்த்தார், அதோடும் கதைக்கவில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மா ஊசியைப் பற்றிக் கேட்டதற்கு, "சுகமாயிருக்குது," என்று மட்டும் சொன்னார்.

இதற்காகத்தானே இவ்வளவு காலமும் காத்திருந்தோம்? நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். இரண்டு கிழமைகூட எனக்குத் தாங்கவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் எடுத்த முடிவில் முத்திரை குத்தும் மனிதருக்கு, தான் எடுக்கவேண்டிய முடிவென்று இருந்தது அந்த ஒன்றே ஒன்றுதான். அதையும் மான் தின்றுவிட்டது.

என்னிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது. கடையில் வாங்கியபடியே ஓடுகிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை. ஒருநாள் தேத்தண்ணியோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணை, என்ர காருக்கு எந்தப் பெட்டி நல்லம்?"

கோப்பையைக் கீழே வைத்தார். சந்தேகத்தோடு என் முகத்தை ஆராய்ந்தார்.

"உங்கட காருக்கு ஊசி எத்தினை?"

"தெரியாது."

"தெரியாதோ!" அந்த முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்திருக்கவேண்டும். "முதலில அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ. வழி மூண்டு இருக்குது..."

என் கார் இப்போது பெட்டியரின் முற்றத்தில் பொனட் திறந்தபடி நிற்கிறது. கிண்ணியா நானாவும் அதைப் பார்க்க வந்து போகத் தொடங்கிவிட்டார். நான் பஸ்ஸில் போகிறேன். சல்லிப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மன் கோயிலில் இறங்கி, பெட்டியர் ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று மட்டும் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.