கட்டைவிரலும் நாலு அவசரக்காரர்களும்

ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும், கடவுளைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் தோல் தொழிற்சாலைக் கட்டைவிரல்தான். கடவுளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே விட்டுவைத்தார்.

பதப்படுத்திய தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி முதல் தரம், இரண்டாம் தரம், கழிசல் என்று பிரிப்பது அவர் வேலை; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். வீட்டில் தோசையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாராம். நான் அங்கே டைப்பிஸ்ட். இன்னொரு தப்புக் கடிதம் போனால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மேனேஜர் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

எழுபதுகளின் கடைசியில், எங்களிடம் தோல் வாங்கும் ஜெர்மன்காரர் கட்டைவிரலுக்கு ஓர் இசைத்தட்டைப் பரிசளித்துவிட்டுப் போனார். ஜாஸாம். நாலு பேர் ஒரு சின்ன ஹாலில் ஜனங்கள் முன்னால், அவர்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகளை வாசித்ததை அப்படியே பிடித்த தட்டு.

கட்டைவிரல் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடினார். அடுத்த சரக்கைக் கழிப்பதற்கு முன்னால் வைக்கிற ஐஸ் இது என்பது அவர் கட்சி. கிறிஸ்துமஸ் பாட்டுக்காக வாங்கிய பிளேயரில் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, தோல் பிரிக்கும் கூடத்தில் தீர்ப்புச் சொன்னாராம்.

"தெரிஞ்ச பாட்டுதானே, இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்? நாலு பேரையும் யாரோ தொரத்தறாங்கப்பா. பாட்டு முடியறதுக்குள்ளயே கை தட்றாங்க. எழுந்து போன்னு அர்த்தம்."

இது என் காதுக்கு எட்டியது காரியம் கெட்ட பிறகுதான். கட்டைவிரலைக் கேட்டு, அவர் பெயரில் நன்றிக் கடிதம் அடிக்கச் சொன்னார் மேனேஜர். கூடம் வரை நடக்கச் சோம்பல். தட்டின் உறையைப் பார்த்தேன். நாலு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். தாலாட்டுதான் என்று முடிவு கட்டி, 'தங்களுடைய மெதுவான பாட்டுகளைக் கேட்டுக் கண்ணீர் விட்டேன்' என்று அடித்து அனுப்பினேன்.

அடுத்த முறை வந்த ஜெர்மன்காரர் கடிதத்தோடு வந்தார். இந்தத் தட்டில் மெதுவான பாட்டு ஒன்றுகூடக் கிடையாதே, எதைக் கேட்டு அழுதீர்கள் என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். கட்டைவிரல் கடிதத்தை வாங்கி ஒரு தடவு தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. ஜெர்மன்காரர் பக்கம் திரும்பினார்.

"சார், ஆம்பூர் லோ வோல்டேஜ். யுவர் சாங் ஃபாஸ்ட் கம்மிங். மை ஹவுஸ் ஸ்லோ கோயிங்."

ஜெர்மன்காரருக்கு ஒரே குஷி. அப்படியானால் அதை நான் கேட்டே ஆகவேண்டும் என்று கிளம்பிவிட்டார். மேனேஜர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கென்று கரண்ட் மாப்பிள்ளை முறுக்கோடு வந்திருந்தது. கட்டைவிரல் வீட்டு பல்பு பட்டப்பகலில் கண்ணைக் கூச வைத்தது.

அவர் தட்டைப் போட்டார். பிளேயரை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். பாட்டு, ஏலகிரி ஏறும் லோடு லாரிபோல முனகிக்கொண்டு வந்தது. பக்கவாட்டில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது: சுழலும் தட்டின் ஓரத்தை அவர் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. தட்டின் ஒரு பக்கம் பாடி முடிகிறவரைக்கும்.

ஜெர்மன்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்பதில் கட்டைவிரலுக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

எல்லோரும் வெளியே போனதும் விரலைக் காட்டினார். சிவந்து, தோல் வழன்றிருந்தது.

"உன் மேல மொத நாள்லேர்ந்தே எனக்கு டவுட்டுதான். ஆனா கழிசல் இல்ல. ரெண்டாம் தரம். போய் வேலையப் பாரு."

அந்தத் தட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கரண்ட் சீராக வருகிறது. நாலு பேரும் தலைதெறிக்க ஓடுகிறார்கள். சில நாள் நான் தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைக்கிறேன். அவர்கள் மெதுவாகிறார்கள். விரல் சுடுகிறது. உடனே எடுக்க மனசு வருவதில்லை.