ஆட்கள் வேலை செய்கிறார்கள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் இயந்திரம் தன் இஷ்டத்துக்குக் கெட்டுப்போய்விட முடியாது. முறைப்படிதான் கெட வேண்டும். எப்போது கெட்டது, கெட்டபோது பக்கத்தில் யார் நின்றார், அவர் காலில் ஷூ இருந்ததா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அது கெட்டதாகக் கருதப்படும். அதுவரை அது ஓடாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நியாயம் எதுவும் தெரியாத வாஷிங் மெஷின் ஒன்று, அசோக்குமாரின் குவார்ட்டர்ஸில், ஒரு திங்கட்கிழமை காலையில், பாதித் துவைப்பில் நின்றுவிட்டது.

அதை முதலில் பார்த்தவள் அசோக்குமாரின் மனைவி உமாராணி. குறிஞ்சிப்பாடிப் பெண். வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகிற உபத்திரவம் அவளுக்கு உண்டு. “துணி பிழியறதை நிறுத்தினா கை தேறிடும். இல்லேன்னா ஆபரேஷன்தான்” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு வாங்கிய மெஷின் அது. மைன்ஸ் யூனிபாரத்தைக் கையால் பிழிந்து பார்த்தவர்களுக்கு டாக்டர் சொன்னதன் அருமை புரியும். நிலக்கரித் தூசி துணியை விட்டுப் போவதற்குள் பிராணன் போய்விடும்.

“ஏங்க, தண்ணி எறங்கல. கதவும் தொறக்கல. துணியெல்லாம் உள்ளயே ஊறிக்கினு கெடக்குது. வடலூர் மெக்கானிக் வேணுவைக் கூப்புடட்டுங்களா?” என்றாள்.

அசோக்குமார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மைன்ஸில் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் அதிகாரி. அதிகாரி என்பதால் பராமரிப்பு செய்ய மாட்டார். பராமரிப்பவரை மேற்பார்வை பார்ப்பவரை மேற்பார்வை பார்ப்பார்.

“மலை மாதிரி மெஷினை எல்லாம் நாங்க பார்த்துக்கறோம். என் வீட்டு வாஷிங் மெஷினுக்கு வடலூர்லேர்ந்து ஒரு ஆள் வந்தா பிளாக்ல என்னை எவன் மதிப்பான்?”

“மதிக்கறது இருக்கட்டும். உங்க யூனிபாரம் உள்ள மாட்டிக்கினு இருக்குதே!”

“பதறாதே உமா. முதல்ல டீம் போடணும்.”

அன்று சாயங்காலமே டீம் வந்து இறங்கியது. பாதுகாப்புப் பிரிவு சங்கரலிங்கம், எலெக்ட்ரிக்கல் பிரிவு மதிவாணன், வீட்டுக்காரர் அசோக்குமார். மூவரும் தலையில் ஹெல்மெட்டோடு குளியலறைக்குள் நுழைந்தார்கள். குளியலறையில் தலைமேல் விழக்கூடியது ஒரு பல்லிதான். அது பயந்துபோய் ஜன்னல் வழியாக வெளியே ஓடிவிட்டது.

சங்கரலிங்கம் முதல் காரியமாகப் பையிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்து மெஷினின் கதவில் மாட்டினார். ‘இயக்காதே! ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்று அதில் அச்சடித்திருந்தது.

“யாருங்க சார் வேலை செய்யுறாங்க?” என்று உமாராணி கேட்டாள்.

“இனிமே செய்வாங்க மேடம்.”

அந்த டேக்குக்கு ஒரு விதி உண்டு. மாட்டியவரே கழற்ற வேண்டும். காரணம் கண்டுபிடித்து, சரிசெய்து, கையெழுத்துப் போட்ட பிறகு கழற்ற வேண்டும். மைன்ஸில் அது உயிரைக் காப்பாற்றுகிற விதி. நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் ஓர் ஆள் படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது வேறொருவர் சுவிட்சைத் தட்டிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. அசோக்குமார் வீட்டு மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்யும் உத்தேசம் அந்த மூவரில் யாருக்கும் இல்லை.

விசாரணை ஹாலில் நடந்தது. உமாராணி போட்ட பஜ்ஜியை எடுத்துக்கொண்டே சங்கரலிங்கம் கேட்டார்.

“கடைசியா எந்தப் பட்டனை அழுத்துனீங்க மேடம்?”

“எப்பவும் அழுத்துறதைத்தான்.”

“எப்பவும்னா? மெஷினை இயக்க முறைப்படி பயிற்சி எடுத்திருக்கீங்களா?”

“பட்டனை அழுத்துறதுக்குப் பயிற்சியா?”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பயிற்சி பெறாத நபரால் இயக்கப்பட்டமை என்று ஒரு வரி உடனடியாக உருவாயிற்று. மதிவாணன் அதில் திருப்தியடையவில்லை. கரண்டில் குற்றமில்லை, ஆகவே குற்றம் மெக்கானிக்கல் என்றார். அசோக்குமார் மெக்கானிக்கல் ஆனதால், குற்றம் தரையின் மட்டத்தில் இருக்கிறது, ஆகவே அது சிவில் என்றார். சிவில் பிரிவில் இருந்து யாரும் வந்திருக்கவில்லை. ஆகவே அது ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

உமாராணி மெஷினோடு வந்த புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். “சார், கீழ ஓரமா ஒரு சின்ன மூடி இருக்குதாம். தண்ணி எறங்கலைன்னா அதைத் திருகித் தொறந்து உள்ள அடைச்சிருக்கற குப்பையை எடுக்கணும்னு போட்டிருக்குது.”

சங்கரலிங்கம் புன்னகைத்தார். சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னார். “மேடம், அது தீர்வு. நாம இன்னும் காரணத்துக்கே வரலியே.”

“குப்பை அடைச்சிக்கினதுதானே சார் காரணம்?”

“ஒரு குப்பைக்காகவா மூணு ஆபீசர் வந்திருக்கோம்?” என்றார் மதிவாணன், மனம் புண்பட்டு.

அவர்கள் போன பிறகு உமாராணி தானே குனிந்து அந்த மூடியைத் திருகிப் பார்த்தாள். இறுகிக் கிடந்தது. அதைத் திறக்க நல்ல மணிக்கட்டு வேண்டும். அந்த மணிக்கட்டுக்காகத்தான் மெஷினே வாங்கியது. வலி தோள் வரைக்கும் ஏறியது. கணவரைக் கூப்பிட்டாள்.

“டேக் தொங்குறப்ப நான் எப்படித் தொட முடியும்? என் சர்வீஸ் என்னாகும்?” என்றார் அவர், தன் வீட்டுக் குளியலறையில் நின்றுகொண்டு.

உமாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் டூட்டிக்குப் போனதும் வடலூர் வேணுவுக்குப் போன் செய்தாள். வேணு ஸ்பானர் பையோடு வந்தார். மெஷினிடம் போனார். டேக்கைப் பார்த்தார். ஓர் அடி பின்வாங்கினார்.

“முன்னாடியே சொல்லக் கூடாதுங்களாக்கா? செவப்புச் சீட்டு தொங்குது!”

“இது என் வூட்டு மெஷினுங்க!”

“வூடு உங்களுதுதான். சீட்டு சாருதுங்களே. நான் பிளான்ட்ல கான்ட்ராக்ட்ல இருந்தவன். கூட இருந்தவன் ஒருத்தன் சீட்டைக் கழட்டினான்னு கேட் பாஸைப் புடுங்கிட்டாங்க. இன்னிக்கி அவன் பரோட்டாக் கடையில எலை எடுத்துக்கினு இருக்கறான்.” வேணு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலில் செருப்பைப் போட்டதும் வேகமாக நடந்தார்.

உமாராணி பழையபடி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். துவைத்தாள், பிழிந்தாள், உதறினாள். விரல் மரத்துப்போனால் நின்று உதறிவிட்டு மறுபடியும் பிழிந்தாள். இதற்கிடையே டீமின் சிபாரிசுப்படி அவளுக்குப் பயிற்சி வகுப்பும் நடந்தது. ஓடாத மெஷினை எப்படிப் பாதுகாப்பாக ஓட்டுவது என்று சங்கரலிங்கம் ஹாலில் நின்று விளக்கினார். முடிவில் சான்றிதழ் கொடுத்தார். அவள் அதை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

பாதுகாப்பு வாரம் நெருங்கியது. அதற்குள் அறிக்கையை முடித்தாக வேண்டும் என்பதால் செயல்திறன் சோதனைக்கு உத்தரவாயிற்று. மெஷினின் கதவு திறக்காத நிலையில் சோதனை எப்படி என்று அசோக்குமாருக்கே ஒரு சந்தேகம் வந்தது. மதிவாணன் அதைத் தீர்த்துவைத்தார்.

“சார், இந்த வீட்டுக்குள்ள அழுக்குத் துணி போகுதா?”

“போகுது.”

“வெளுத்த துணி வெளியே வருதா?”

“வருது. இஸ்திரிக்கே போகுது.”

“அப்ப சிஸ்டம் வேலை செய்யுது. நடுவுல என்ன நடக்குதுங்கறது பிராசஸ்.”

மீட்டரோடு வந்து அளந்தார்கள். மின்சாரச் செலவு பூஜ்யம். சத்தம் பூஜ்யம். அதிர்வு பூஜ்யம். தண்ணீர்க் கசிவு பூஜ்யம். இப்படியொரு மெஷினை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று மதிவாணன் நெகிழ்ந்துபோனார். கொல்லைப்புறத்தில் உமாராணி போர்வை பிழிகிற சத்தம் கேட்டது. அளவீட்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சங்கரலிங்கம் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

படங்கள் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயின. ஹெல்மெட் போட்ட மூன்று அதிகாரிகள், நடுவில் சிவப்பு டேக் அணிந்த வாஷிங் மெஷின். அவ்வளவுதான், பிளாக்குக்குக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ருக்குமணி வந்து வாசலில் நின்றாள்.

“எங்க வீட்டுக்கு மட்டும் டீம் வராதா? எங்க வீட்டுக்காரரும் ஆபீசர்தானே!”

“உங்க மெஷின் நல்லாத்தானே ஓடுது ருக்கு?”

“நல்லா ஓடினா மரியாதை இல்லையா? உங்களுது பூஜ்யம் காட்டுது. எங்களுது ஓடுறப்ப வீடே அதிருது. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

டீம் அங்கேயும் போயிற்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினில் டேக் தொங்கியது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. டேக் இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்கிற அளவுக்குப் போய்விட்டது. தெரு முழுக்கக் கொல்லைப்புறங்களில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. அதிகாரிகள் மாலை நடையின்போது அதைக் கேட்டு, பிளாக்கில் மின்சாரம் மிச்சமாவதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

பாதுகாப்பு வாரத்தின் பாராட்டு விழா சமுதாயக் கூடத்தில் நடந்தது. மெஷினின் சார்பில் கேடயத்தைப் பெற்றுக்கொள்ள உமாராணி மேடையேறினாள். கேடயத்தை வாங்கிய கை வாங்கியபடியே நழுவவிட்டது. அது சங்கரலிங்கத்தின் ஷூமேல் விழுந்து மரச்சட்டம் உடைந்தது.

“என்ன மேடம்?”

“கை மரத்துப்போச்சுங்க சார். விரல்ல உணர்ச்சியே இல்ல.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அழுகிறோமே என்று இன்னும் அழுதாள்.

சங்கரலிங்கத்தின் முகம் மலர்ந்தது. கோளாறு! அவர் பையைத் திறந்தார். ஒரு சிவப்பு டேக்கை எடுத்து, மேடையிலேயே, உமாராணியின் வலது மணிக்கட்டில் கட்டினார். கூட்டம் கைதட்டியது.

உமாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தாள். இயக்காதே. இன்னொரு தரம் படித்தாள்.

“யாரும் கழட்டிற மாட்டாங்களே சார்?”

“காரணம் தெரியற வரைக்கும் யாரும் தொட முடியாது மேடம்.”

“ஒண்ணும் அவசரமில்லீங்க சார். நிதானமாவே பாருங்க” என்றாள்.

அசோக்குமார் வீட்டில் தட்டு கழுவுவதிலிருந்து எல்லாம் நின்றுபோயிற்று. டேக்கைக் கழற்ற அவருக்கு அதிகாரமில்லை. மறுவாரம் ருக்குமணிக்குக் கை மரத்தது. அவள் இரண்டு கையிலும் கட்டிக்கொண்டாள். பிறகு தெருவிலிருந்த பெண்கள் எல்லாருக்கும் வரிசையாக மரத்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் டேக்குக்குப் பொருத்தமாகச் சிவப்புக் கரை போட்ட சேலை கட்டினார்கள்.

அழுக்குத் துணி மலையாகக் குவிந்தது. அதிகாரிகள் அவசரக் கூட்டம் போட்டார்கள். அந்த ஒரு கூட்டத்தில் மட்டும் முடிவு சீக்கிரம் கிடைத்தது. துணி துவைக்கும் பணி கான்ட்ராக்டுக்கு விடப்பட்டது.

கான்ட்ராக்டில் வந்தவள் பொன்னம்மாள். மைன்ஸுக்கு நிலம் கொடுத்த ஊரிலிருந்து வந்தவள். ஒரு தெருத் துணி மொத்தத்தையும் உமாராணி வீட்டுக் கல்லில் போட்டு அடித்தாள். உமாராணி நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். கை எவ்வளவோ தேவலையாகிவிட்டது.

ஒரு நாள் பொன்னம்மாள் பிழிந்துகொண்டிருந்த யூனிபாரத்தை அப்படியே வைத்துவிட்டு விரல்களை நீவிக்கொண்டாள்.

“யம்மா, எனுக்கும் கை மரத்துக்கினு வருதும்மா. சாருகிட்ட சொல்லி ஒரு செவப்புச் சீட்டு வாங்கிக் குடுங்களேன்.”

உமாராணி அவள் விரல்களைப் பார்த்தாள். அந்த வலி எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

“துணியெல்லாம் வெளுத்துத்தானே வருது பொன்னம்மா?”

“வருதும்மா.”

“அப்பறம் கோளாறு எங்க இருக்குது? கான்ட்ராக்ட் ஆளுக்கு எல்லாம் சீட்டு மாட்ட வழியில்ல. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு” என்ற உமாராணி, நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். “காலரை நல்லாத் தேய்ச்சிட்டுப் பிழி. தண்ணி சொட்டக் கூடாது.”