எட்டாவது மெடலுக்கு ஒரு சல்யூட்

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை தேவையே இல்லாதவை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானாகவே வாயைத் திறந்து, நானாகவே சொல்லிவிட்டு, அப்புறம் அதைக் காப்பாற்ற மாதக்கணக்கில் அலைந்திருப்பேன். அந்த வரிசையில் முதலிடம், எனக்கு ராணுவ மெடல்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று வருங்கால மாமனாரிடம் சொன்னதற்குத்தான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அதாவது, அடுத்தவர் செய்த வேலையில் தப்புக் கண்டுபிடிப்பது. (சொந்தத் தப்பைக் கண்டுபிடிக்க அங்கே பயிற்சி தருவதில்லை.) எட்வின் பக்கத்து சீட். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நாங்கள் முடிவு செய்ததும், கோலார் தங்கவயலில் இருந்த என் அப்பா அம்மா இரண்டே நாளில் சரி என்றுவிட்டார்கள். எட்வினுக்கு அம்மா இல்லை. அப்பா சம்மதம்தான் பாக்கி.

அந்த அப்பா, ரிட்டயர்ட் ஹவில்தார் ஞானப்பிரகாசம். வீடு சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். எழுபத்தொன்றாம் வருடப் போரில் தன் பட்டாலியன் கமாண்டருக்கு ஜீப் ஓட்டியவர். அந்தக் கமாண்டரை அவர் பெயர் சொல்லிப் பேசி யாரும் கேட்டதில்லை. 'சாப்' என்பார், அவ்வளவுதான். நானும் இங்கே பெயரைச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் செய்தது போதும்.

"அப்பாகிட்ட ஆர்மி பத்தி ஏதாவது பேசு. மெல்ட் ஆயிடுவாரு. ஆனா அளவா பேசு" என்று எட்வின் சொல்லிக் கூட்டிப்போனான்.

அளவாகப் பேசுவது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. காபி வந்து ஆறுவதற்குள் நான், "எனக்கு மெடல்னா சின்ன வயசுலேர்ந்து ரொம்ப இன்ட்ரஸ்ட் அங்கிள்" என்று சொல்லியிருந்தேன். முதல் நாள் பஸ்ஸில் வரும்போது போனில் படித்த அரைப்பக்கக் கட்டுரை தந்த தைரியம்.

ஹவில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் தொங்கியது. மீசை வைத்த ஓர் அதிகாரி, மார்பில் வரிசையாக மெடல்கள்.

"அதுல மொதல்ல இருக்குதே, அது இன்னா மெடல்? சொல்லு பாப்போம்."

என் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த எட்வின் முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு மெசேஜ் அனுப்பியிருந்தான். குனிந்து பார்த்து, நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி, யோசிப்பதுபோல் நடித்துவிட்டுச் சொன்னேன்.

"வீர் சக்ரா, அங்கிள். ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி."

ஹவில்தார் எழுந்தே நின்றுவிட்டார்.

"டேய் எட்வின்! கறுப்பு வெள்ள போட்டோவப் பாத்து கலர் சொல்றாடா!"

கல்யாணம் அந்த நிமிடமே முடிவானது. அதோடு நிறுத்தியிருந்தால் இன்று இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

நான்கு மாதம் கழித்து, கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஹவில்தார் எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்தார். சிவாஜிநகரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு, இரண்டு பஸ் மாறி, அந்த டிராஃபிக்கில். கையில் பழைய போர்வையில் சுற்றிய ஒரு கண்ணாடி ஃப்ரேம்.

"சாப் எறந்து ஒரு வருசம் ஆவுது. பழைய ஆளுங்க எல்லாம் சேந்து ஒரு கூட்டம் வெக்கிறோம். மல்லேஸ்வரம் போயி மேம்சாப்கிட்டேர்ந்து மெடல வாங்கியாந்தேன். ஒவ்வொண்ணுக்கும் கீழ இன்னான்னு எழுதி வெக்கணும். மைக்ல நீதான் பேசணும்."

மேம்சாப் என்பது கமாண்டரின் மனைவி. ஃப்ரேமுக்குள் சிவப்பு வெல்வெட்டில் எட்டு மெடல்கள். கமாண்டரே தன் கையால் அடுக்கி, பின்பக்கம் தாள் ஒட்டி மூடி வைத்தது. பிரிக்கக் கூடாது என்பது ஹவில்தாரின் உத்தரவு.

"ஏழு எனக்கே தெரியும். வீர் சக்ரா, போருக்குப் போனதுக்குக் குடுத்த ஸ்டார், சர்வீஸுக்குக் குடுத்தது, எல்லாம் சொல்லிடுவேன். இந்தக் கடேசி மெடல மட்டும் சாப் மார்ல நான் பாத்ததே இல்ல. இது உன் டிபார்ட்மென்ட்."

எட்டாவது மெடல் வெள்ளி நிறம். பச்சை ரிப்பன். நடுவில் பச்சை எனாமலில் ஓர் உருண்டை. அந்த உருண்டையின் மேல் ஐந்தாறு ஈட்டிகள் நெட்டுக்குத்தாக நின்றன. அடியில் ஒரு சின்ன வால். எழுத்து ஒன்றுமில்லை.

போட்டோ எடுத்து இணையத்தில் அதே மாதிரிப் படம் தேடினேன். முதலில் ஏதோ ஓர் ஐரோப்பிய ராஜாவின் விருது வந்தது. இரண்டாவது ஒரு பழைய தண்ணீர்க் கம்பெனியின் முத்திரை. மூன்றாவது ஒரு டீக்கடை போர்டு. ராஜாவை எடுத்துக்கொண்டேன். உருண்டை உலகம், ஈட்டிகள் அதைக் காக்கும் படை. கச்சிதமாகப் பொருந்தியது. வாலுக்குத்தான் விளக்கம் கிடைக்கவில்லை. வாலைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

எட்வினுக்கு உறுத்தியது. "பேசாம மேம்சாப்புக்கே ஒரு போன் போட்டு கேட்டுடலாமே?"

"டாக்டர் போயி பேஷன்ட்கிட்ட 'உனக்கு என்ன வியாதி'ன்னு கேப்பாரா?"

"கேப்பாங்க ரோஸ்லின். எல்லா டாக்டரும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க."

நான் கேட்கவில்லை. கணிப்பொறியில் கம்பீரமான எழுத்தில் அடித்து, சிவாஜிநகரில் ஒரு கடையில் பிரின்ட் போட்டேன். 'உலகமும் ஈட்டிகளும். ஐரோப்பிய அரச விருது. நட்பு நாடொன்றுக்குச் செய்த ரகசிய சேவைக்காக. நாட்டின் பெயர் பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியிடப்படவில்லை.' அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி முடித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்ன ஹாலில். நாற்பது பழைய சிப்பாய்கள் வந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட கோட்டு, சாய்த்து வைத்த தொப்பி. சிலருக்குக் கைத்தடி, ஒருவருக்குச் சக்கர நாற்காலி. முன்வரிசை நடுவில் மேம்சாப். எண்பது வயது இருக்கும். ஒல்லியான உருவம், வெளிர்நீலப் புடவை, பெரிய கண்ணாடி. ஹவில்தார் என்னை அவரிடம் கூட்டிப்போய், "மேம்சாப், எங்க மருமக. மெடல் எக்ஸ்பர்ட்" என்றார். மேம்சாப் என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார்.

மேடையில் ஏழு மெடல்கள்வரை எந்தப் பிழையும் இல்லை. (ஹவில்தார் சொல்லிக்கொடுத்தது.) வீர் சக்ராவைப் பற்றிச் சொன்னபோது சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பேச்சாளர் விழித்துக்கொண்டார்.

"கடைசியாக, எட்டாவது மெடல். இதைப் பற்றி உங்கள் கமாண்டர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஏன் தெரியுமா? அது ரகசியம். எல்லை தாண்டி, கடல் தாண்டி, ஓர் அரசர் தன் கையால் தந்த கௌரவம் இது!"

முன்வரிசையில் மேம்சாப் கையை உயர்த்தினார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கையசைத்தேன்.

"அந்த ரகசிய வீரத்துக்கு நாம் எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செலுத்துவோம்!"

இப்படி ஒன்று நிகழ்ச்சிநிரலில் இல்லவே இல்லை. ஆனால் ஹவில்தாருக்கு அது போதுமாக இருந்தது. பக்கத்தில் விறைத்து நின்று, ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தினார்.

"பரேட், சாவ்தான்! சல்யூட்!"

நாற்பது பேரும் எழுந்தார்கள். முட்டிகள் சடசடத்தன. சக்கர நாற்காலிக்காரர் உட்கார்ந்தபடியே விறைத்தார். நாற்பது கைகள் ஒரே நேரத்தில் நெற்றிக்குப் போயின. ஹால் அப்படியே நிசப்தமானது.

அந்த நிசப்தத்தில்தான் மேம்சாப்பின் குரல் கேட்டது. கன்னடம் கலந்த மெல்லிய குரல்.

"அது நவிலுகோசும்மா."

என் கன்னடம் பஸ் கண்டக்டரிடம் வழி கேட்கும் அளவுக்குத்தான். ஆனால் நவிலு என்றால் மயில் என்று தெரியும். விட்டேனா? மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"மேம்சாப்பே இப்போது ஒரு ரகசியத்தை வெளியிடுகிறார்! இது மயில் முத்திரை! அந்த ஈட்டிகள்போலத் தெரிபவை, மயிலின் தோகை!"

"மயில் இல்லம்மா" என்றார் மேம்சாப், இந்த முறை இன்னும் பொறுமையாக. "நவிலுகோசு. நீங்க நூக்கோல்னு சொல்வீங்கல்ல? சாம்பார்ல போடறது. காய்கறி ஷோல நான் வாங்கின ஃபர்ஸ்ட் பிரைஸ். பின்னாடி என் பேர் இருக்கும், பாரு."

திரும்பிப் பார்த்தேன். அந்தக் கணம்வரை உலகமாக இருந்தது, அந்தக் கணத்தில் நூக்கோலாக மாறியது. மேலே இலைக்காம்புகள். கீழே வேர். வாலுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

பின்வரிசையில் யாரோ ஒருவர் "நூக்கோலுக்கா சல்யூட்டு?" என்றார். அதோடு ஹால் வெடித்தது. எழுபது வயது மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கைத்தடிகள் கீழே விழுந்தன. எட்வின் ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தான், தூண் குலுங்கியது.

நான் ஹவில்தாரைப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சல்யூட் அடித்த கை பாதி இறங்கி, நெஞ்சுக்கு நேரே நின்றுபோயிருந்தது. முகம் சுண்டிப்போயிருந்தது. அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டிக்காத்த ஒரு மரியாதையை நான் கேலிக்கூத்தாக்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. கல்யாணப் பத்திரிகை அச்சில் இருப்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

சிரிப்பு அடங்கும்வரை மேம்சாப் காத்திருந்து, மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"போர் முடிஞ்சு வந்தப்புறம் அவர் பேசறதே இல்ல. மாசக்கணக்கா. ஒருநாள் கையில மண்வெட்டியக் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினேன். தண்ணி விட்டது, புழு பொறுக்கினது எல்லாம் அவர்தான். மெடல் மட்டும் என் பேர்ல வந்துது. ஃப்ரேம் போடறப்ப இதையும் சேத்து வெச்சார். எதுக்குன்னு கேட்டேன். 'அந்த ஏழு மெடலையும் பாத்தா, திரும்பி வராத பசங்க மொகம் தெரியுது. இதைப் பாத்தா நூக்கோல் மட்டும்தான் தெரியுது'ன்னார்."

சக்கர நாற்காலிக்காரர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஹவில்தார் தொண்டையைச் செருமினார். "மேம்சாப், அடிச்ச சல்யூட் அடிச்சதுதான். வாபஸ் கெடையாது." சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தனியாக இன்னொரு சல்யூட் அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ மட்டும் கீழ எறங்கு."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. எட்வின் மூலம் அனுப்பிய மன்னிப்புகளுக்கெல்லாம் "உம்" என்ற ஒரே பதில். கடைசியில் நானே ஒரு மாலை சிவாஜிநகர் போய், அவர் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அரைப்பக்கக் கட்டுரை, எட்வினின் மெசேஜ், ஐரோப்பிய ராஜா, எல்லாம்.

முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைப் பிடித்தபடியே கேட்டார்.

"நூக்கோல் சாம்பார் வெக்கத் தெரியுமா?"

"தெரியும் அங்கிள்" என்றது என் வாய். பழக்க தோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். "இல்ல அங்கிள். தெரியாது."

"அப்பாடா" என்றார். "உள்ள வா."

உள்ளே அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ராணுவத்தில் கற்ற சமையல். ஆறு பேர் சாப்பிடும் அளவு. தட்டில் ஊற்றும்போது மிக மரியாதையான குரலில் சொன்னார்: "மயில் கொழம்பு. மெதுவா சாப்பிடு, தோகை மாட்டிக்கப்போவுது." அன்றுதான் அவரை முதல்முறையாக மாமா என்று கூப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு மேம்சாப் வந்தார். பரிசாக ஒரு கூடை நூக்கோல், அவர் தோட்டத்தில் விளைந்தது. மேடையில் அதைக் கையில் வாங்கியபோது கீழே உட்கார்ந்திருந்த பழைய சிப்பாய்கள் அத்தனை பேரும் எழுந்து விறைத்து நின்றார்கள். கல்யாண ஆல்பத்தில் என் முகம் சரியாக விழாத ஒரே படம் அது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நூக்கோல் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. மயில் பொரியல், மயில் கூட்டு, மயில் சாம்பார். கடைக்காரரிடமும் மாமா "அரைக் கிலோ மயில்" என்றுதான் கேட்பார். அவரும் நிறுத்துக் கொடுத்துவிடுவார்.

இந்த வருடம் எங்கள் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். போன வாரம் பள்ளியிலிருந்து போன் வந்தது. எடுத்தவர் மாமா. ஸ்பீக்கரில் டீச்சரின் குரல் நடுங்கியது.

"சார், நம்ம தேசியப் பறவை பத்தி பாடம் நடத்திட்டிருந்தேன். உங்க பேத்தி எழுந்து, எங்க தாத்தா வாராவாரம் வீட்டுல மயில் வெட்டுவாருன்னு சொல்றா."

மாமா நிதானமாகப் பதில் சொன்னார். "தப்பா சொல்லிருக்கா மிஸ். வெட்டறது அவங்கம்மா. நான் தோல் மட்டுந்தான் சீவுறேன்."

திங்கட்கிழமை காலை பிரின்சிபாலைப் பார்க்க வேண்டுமாம். ஆதாரத்துக்கு அரைக் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.