ஒன்பதாம் வகுப்பு உத்தரவாதம்

பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வதில் உலகத்துக்கே வழிகாட்டி எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் எழுந்து நின்று சொல்லலாம்: மலையாள மண்ணின் எல்லையோரத்தில் தமிழ் பேசும் கோபாலபுரம் கிழக்குத் தென்னை வளர்ப்போர் சங்கம். அங்கே தலைவர் பொறுப்பு ரத்தினசாமிக்கு. செயலர் பொறுப்பு பூபதிராஜாவுக்கு. வேலை, தற்காலிக ஊழியர் வனிதாவுக்கு. அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இந்த மாதக் கடைசியில் சங்கம் 'பரிசீலிக்க' இருந்தது.

சங்கத்துக்கு இணையதளம் உண்டு. எண்ணூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களின் தோட்டமும் மர எண்ணிக்கையும் அதில்தான். அத்தனையும் வனிதா ஏற்றியது. தளம் குடியிருந்தது 'ஷேர்டு ஹோஸ்டிங்'கில். அதாவது ஒரே கம்ப்யூட்டரில் முந்நூறு தளங்கள், லைன் வீடு மாதிரி.

குடிபோன அன்று ஒப்பந்தம் மலையாளத்தில் வந்தது. ஒன்பதாவது ஷரத்து: 'பேக்கப்பின்டெ உத்தரவாதித்வம் உபபோக்தாவினு.' செயலர் எழுந்து, தொண்டையைச் செருமி, சபைக்கு மொழிபெயர்த்தார்.

"பேக்கப்புக்கு நமக்கு உத்தரவாதம் குடுக்கறாங்க!"

கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆனது. பக்கத்துச் சித்தூரில் மலையாளத்தில் படித்த வனிதா கையைத் தூக்கினாள்.

"ஏனுங்க, உத்தரவாதித்வம்னா பொறுப்புங்க. காப்பி எடுத்து வெக்கறது நம்ம பொறுப்புங்கறாங்க."

"தற்காலிகம் கூட்டத்துல பேசப்படாது அம்மிணி," என்றார் செயலர்.

போன திங்கட்கிழமை தளம் மறைந்தது. பக்கத்துக் குடித்தனமான ஒரு மீன்குழம்புத் தளத்தில் வைரஸ் புகுந்து முந்நூறையும் காலி செய்துவிட்டது. புதன்கிழமைக்குள் உறுப்பினர் பட்டியல் அரசு வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குப் போகாவிட்டால், இந்த வருஷம் ஒருவருக்கும் தென்னங்கன்று இல்லை.

அவசரக் கூட்டம். ரத்தினசாமி ஹோஸ்டிங் கம்பெனிக்கு ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது டின்சி என்ற பெண்.

"சாரே, ஒம்பதாம் வகுப்பு படிச்சில்லே?"

"இல்லீங்க அம்மிணி, நான் எட்டாம் வகுப்போட நின்னுட்டனுங்க."

"அய்யோ, அதல்ல! எக்ரிமென்ட்டிலே உள்ள வகுப்பு!"

மலையாளத்தில் ஷரத்துக்கும் வகுப்பு என்றுதான் பெயர். பேக்கப் எடுப்பது உங்கள் பொறுப்பு என்று டின்சி மூன்று தடவை விளக்கிவிட்டு வைத்தாள்.

"நம்முள்ள யாரோட பொறுப்புன்னு தீர்மானம் போட்டிருப்பமல்லொ? அத எடுங்க," என்றார் தலைவர்.

"அதுவும் தளத்துலதான் இருந்துச்சுங்ணா," என்றார் செயலர்.

வனிதா கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம காப்பி எடுத்து வெச்சிருந்தனுங்க. எல்லாம் இதுல இருக்குதுங்க."

சங்கம் மூச்சு விட்டது. விட்ட கையோடு விழித்தும் கொண்டது.

"யாரக் கேட்டு எடுத்தே?" என்று எகிறினார் பூபதிராஜா. "சங்கத்துச் சொத்தப் பையில போட்டு ஊட்டுக்குக் கொண்டு போயிருக்கறே!"

"கொண்டு போகலீன்னா கன்னு போயிருக்குமுங்க."

"அது வேற விசயம். இது ஒழுங்கு விசயம்!"

இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. தரவை 'மீட்டெடுத்த' செயலருக்குப் பொன்னாடை. வனிதாவுக்கு மெமோ. அன்று புதிதாகக் கற்ற சொல்லை வீணாக்காமல் செயலரே மெமோவை மலையாளத்தில் எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்: 'இதின்டெ சகல உத்தரவாதித்வவும் வனிதய்க்கு.'

வனிதா நிதானமாக வாசித்தாள். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நன்றிங்க! எனக்குச் சகல உத்தரவாதமும் குடுத்துட்டீங்க. அப்ப வேல நெரந்தரம்தானுங்களே? முத்திரையும் இருக்குது."

"ஏ அம்மிணி! அது உத்தரவாதமில்ல, பொறுப்பு!"

"அப்பிடீங்களா? அப்ப அன்னிக்கு நீங்க படிச்சுச் சொன்னது தப்புன்னு மினிட்ஸ் நோட்டுல எழுதிப்போடட்டுங்களா?"

செயலர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். தலைவரைப் பார்த்தார். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"உத்தரவாதந்தான்," என்றார் செயலர். சபை ஏகமனதாக ஆமோதித்தது.

வனிதா இப்போது நிரந்தரம். தப்பை ஒப்புக்கொள்ளும் பொறுப்பு மட்டும் அந்தச் சங்கத்தில் தற்காலிகமாகக்கூட யாருக்கும் இன்னும் ஒதுக்கப்படவில்லை.