வெடி மாஸ்டரின் மூன்று தட்டுகள்

திருப்பூரில் ஓடுகிற தையல் மிஷின்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் முழுக்கப் போடும் சத்தத்தை, வெடி மாஸ்டர் ஒரே ஒரு "ஏனுங்க?"வில் போட்டுவிடுவார். நல்லூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரம்மாவுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை மட்டும் குறையாது, ஆபத்தே அதில்தான். "அறிவுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? இருந்தா அத எங்கீங்க வெச்சிருக்கறீங்க?" என்று கேட்பார். திட்டு வாங்கியவர் "சரிங்க மாஸ்டர்" என்று சந்தோஷமாகப் போய், டீக்கடையில் பாதி டீ குடித்த பிறகுதான் கண் கலங்குவார்.

இந்த மனிதரின் கைக்குத்தான் மூன்று தட்டுகள் வந்து சேர்ந்தன.

எங்களுக்கு டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்க வெளிநாட்டு பையர் ஒருவர் வந்திருந்தார். தட்டு கோல்ஃப் ஆடும் கிளப்புக்கான டி-ஷர்ட். பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் மாட்டிய கூடை. கூடைக்குக் கிட்டே வந்ததும் எறிவதற்கென்றே செய்த தட்டுக்கு 'பட்டர்' என்று பெயராம். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டர்களை முதலாளிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு அவர் விமானம் ஏறினார். பட்டர் என்றால் வெண்ணெய் என்று எடுத்துக்கொண்ட முதலாளி, இது சாப்பாட்டுச் சாமான்தான் என்று முடிவுகட்டினார். சிவப்பில் முறுக்கு வைத்தார். வெள்ளை தண்ணீர்ப் பானைக்கு மூடி ஆனது. நீலம் சாமி படத்துக்கு முன்னால் விபூதி சுமந்தது.

மாஸ்டர் முதலாளி அறைக்குள் நுழைந்தார். முறுக்கைப் பார்த்தார்.

"எறியறதுக்குன்னு ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சுப் பண்ணியிருக்கறானுங்க. அதுல போயி முறுக்கு வெக்கறீங்களே, மனசு வருதுங்களா?"

முதலாளி முறுக்கைக் கையில் அள்ளிக்கொண்டார். அன்று மத்தியானமே மூன்று தட்டுகளும் கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பறந்தன.

சாப்பாட்டு நேரம் முழுக்க இதே வேலை. கம்பத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையைக் கட்டினார். மூன்றையும் மாற்றி மாற்றி எறிவார், நடந்து போய்ப் பொறுக்குவார், மறுபடி எறிவார். வெள்ளை, தண்டவாளம் போட்ட மாதிரி நேரே போகும். நீலத்துக்கு முதுகு கொஞ்சம் மேடு. இறங்க மனசில்லாமல் மிதந்துகொண்டே கூடையைத் தாண்டிப் போய்விடும். சிவப்பு நல்ல பிள்ளையாகக் கிளம்பி, கூடைக்குக் கிட்டே வந்ததும் கோபித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிவிடும். மாஸ்டருக்குப் பிடித்தது எது என்று நான் சொல்லவே வேண்டாம்.

வேடிக்கை பார்த்த டெய்லர் ஒருவர் தெரியாத்தனமாக, "எல்லாம் ஒரே தட்டுதானுங்க மாஸ்டர்" என்றார். அன்று கட்டிங் ஹாலில் விசிறிகூடப் பயந்து மெதுவாகச் சுற்றியது. "உங்க ஊட்ல மூணு பசங்க இருக்கறாங்களே, மூணும் ஒரே பையனுங்களா?" அந்த டெய்லர் அதற்கப்புறம் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை பாத்ரூம் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நல்லூரில் காற்று போதவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டைக்குப் போனார். காற்றாலைக்குக் கீழே நின்று, காற்றை எதிர்த்து எறிந்தால் எது மேலே ஏறும், காற்றோடு எறிந்தால் எது விழும் என்று சோதனை. நீலத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போய்த் தென்னை உச்சியில் வைத்தது. தோப்புக்காரர் நல்ல மனிதர். "போனாப் போகுதுங்க, கடைல வேற தட்டு வாங்கிக்குங்க" என்றிருக்கிறார். மாஸ்டர் போட்ட சத்தத்தில் மரம் ஏறுகிறவர் கூப்பிடாமலே வந்துவிட்டாராம்.

இப்படியே போயிருந்தால் எனக்கும் நிம்மதி. நான் மெர்ச்சண்டைசர், பையரிடம் பேசுவதும் அவர் சொல்வதைக் கம்பெனிக்குச் சொல்வதும்தான் என் வேலை. டி-ஷர்ட் பிரிண்டுக்கு ஓகே வாங்க வீடியோ காலில் உட்கார்ந்திருந்தோம். படத்தில் மூன்று தட்டுகள். எது எப்படிப் பறக்கும் என்று மூன்று கோடுகள். அளவு கேட்க வந்த மாஸ்டர் எனக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"தப்புங்க. செவப்புக் கோடு பீச்சாங்கைப் பக்கம் வளையுது. அது சோத்தாங்கைப் பக்கமில்லீங்க போவோணும்?"

அவர் என்ன சொல்கிறார் என்று பையர் கேட்டார். சொன்னேன். கடைசியில் இடது பக்கம்தான் வளையும், பல வருஷமாக ஆடுகிறேன் என்றார் பையர். அதைத் தமிழில் சொன்னேன்.

"பொய் சொல்றாருங்கன்னு சொல்லுங்க அம்மணி."

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? 'வேறு அபிப்பிராயம் வைத்திருக்கிறார்' என்றேன். மாஸ்டரின் முகத்தைப் பார்த்த பையருக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவருக்கும் முகம் சிவந்தது. கண்ணால் பார்ப்பதையே தப்பாகச் சொல்கிறவரிடம் என் துணியை எப்படி வெட்டக் கொடுப்பது, ஆர்டரைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்லிப் போனைக் கட் செய்தார்.

முதலாளி மேஜையைத் தட்டினார். "ஒரு மன்னிப்புக் கேளுங்க மாஸ்டர். எடதுன்னு சொன்னாக் கொறஞ்சா போயிருவீங்க?"

"வலதுல போறத எடதுன்னு எப்படீங்க சொல்றது?"

"அப்படின்னா நாளைக்கு வர வேண்டாமுங்க."

மாஸ்டர் தட்டுகளை என் மேஜையில் டமார் என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் கட்டிங் நின்றது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று தட்டு, மூன்று ஆம்பிளை, நடுவில் மாட்டிக்கொண்டு நான்! தட்டுகளைப் பையில் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மண்ணரையில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன்.

"வாங்க. காப்பித்தண்ணி குடிக்கறீங்களா?" என்றார், அடிக்க வருகிற குரலில்.

"காப்பி வேண்டாம். ஒரு தட்டுக்காக இத்தனை பேர் பொழப்பைக் கெடுக்கறீங்களே, நியாயமா மாஸ்டர்?"

"எறிஞ்சு பாத்துட்டுப் பேசுங்க!"

தெருக்கோடியில் வீடு கட்டாத ஒரு இடம் கிடந்தது. அங்கே நின்று, அவர் மண்டையை நினைத்துக்கொண்டு சிவப்பை ஓங்கி எறிந்தேன். போய், கடைசியில் வளைந்தது. இடது பக்கம்.

"பார்த்தீங்களா!"

"நீங்க எறிஞ்சது தப்பு! குடுங்க இங்க!" ஓடிப் போய் எடுத்து வந்து எறிந்தார். அது வலது பக்கம் வளைந்தது.

நானும் கத்தினேன், அவரும் கத்தினார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மறுபடி நான், இடது. மறுபடி அவர், வலது. அடுத்து எறிய அவர் கையை ஓங்கியபோதுதான் பார்த்தேன்.

"மாஸ்டர், நீங்க இடது கையால எறியறீங்க."

அவர் தன் கையையே யாரோ கொண்டு வந்து ஒட்டிவிட்ட மாதிரி பார்த்தார். கத்தரி பிடிப்பது வலது கை. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது. கை மாறினால் தட்டு சுற்றுகிற திசை மாறும், வளைகிற பக்கமும் மாறும். வலது கைக்குப் பையர் சொன்னதும் சரி, இடது கைக்கு இவர் சொன்னதும் சரி.

மாஸ்டர் மண்ணில் உட்கார்ந்தார். அவர் சத்தமில்லாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல பீச்சாங்கையில எழுதுனன்னு வெரல் மொளியெல்லாம் வீங்கற அளவுக்கு அடிச்சாங்க அம்மணி. ஊட்லயும் அதே கதைதான். எழுதறது, திங்கறது, எல்லாத்தையும் மாத்திப் போட்டாங்க. எறியறத மட்டும் யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. அது அப்படியே தங்கிப் போச்சாட்ட இருக்குது."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. இந்தத் தடவை அவர் மேல் அல்ல. ஒரு சின்னக் கையை அடித்து அடித்து மாற்றினவர்கள் யாரோ, அவர்கள் எதிரே வந்திருந்தால் சிவப்புத் தட்டாலேயே போட்டிருப்பேன்.

அங்கிருந்தே பையருக்கு வீடியோ கால் போட்டேன். மாஸ்டர் எறிந்தார். எந்தக் கை என்று பார்த்ததும் பையர் விழுந்து விழுந்து சிரித்தார். கிளப்பில் இடது கைக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோட்டைத் திருப்பிப் போட்டுத் தனியாகக் கொஞ்சம் டி-ஷர்ட் வேண்டும் என்றார். "இப்ப எதுக்குங்க அவரு சிரிக்கறாரு?" என்று மாஸ்டர் என்மேல் பாய்ந்தார். சாயங்காலம் முதலாளியே காரில் மண்ணரைக்கு வந்து வருத்தம் தெரிவித்தார். தெருவை அடைத்துக் காரை நிறுத்தியதற்காக அவருக்கும் திட்டு கிடைத்தது. இடது கை டி-ஷர்ட்டுகளை மட்டும் வேறு யாரையும் தொட விடாமல் மாஸ்டரே வெட்டினார்.

இப்போது நான் வேறு கம்பெனி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். "காத்து நல்லா இருக்குது, தூங்கிட்டா இருக்கறீங்க?" போன வாரம் வெயில் ஏறியும் போன் வரவில்லை. கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். பல்கூட விளக்காமல் வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். வாசலில் தட்டுகளோடு நின்றிருந்தார்.

"போன்ல சார்ஜ் இல்லீன்னா, நீங்களா வர மாட்டீங்களாக்கும்? பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாமுங்களா?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, முழுத் திட்டையும் நின்று நிதானமாகக் கேட்டேன்.